சுமை வரம்பு

பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன்.
செந்தூல், கெப்போங், செராஸ்:
அடுக்குமாடிகளின் தொண்டைக்குள் இறங்கிக்
கயிற்றைத் தொட்டுப் பார்ப்பவன்.
எட்டுப் பேர், ஐந்நூற்று ஐம்பது கிலோ
என்று பலகையில் இருக்கும்.
கயிறு தாங்குவதோ அதைப்போல் பல மடங்கு.
இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான்
பாதுகாப்பு என்று பெயர்.

எங்கள் புளோக்கில் காலை ஆறரைக்குப்
பள்ளிக்கூடக் கூட்டம்.
ஆறு பேர் உள்ளே நின்றார்கள்.
லோஷினி ஏழாவதாகக் கால் வைத்தாள்.
மணி அடித்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.
சொல்லியிருந்தால் தேவலை.
இறங்கிக்கொண்டாள்.
ஒன்பது மாடி, முட்டியைப் பிடித்துக்கொண்டு.
பஸ் போயிருந்தது.

அன்றிரவு சாவி எடுத்துக்கொண்டு
மோட்டார் அறைக்குப் போனேன்.
ஒரு திருகு. அரைச் சுற்று.
மணி இனிக் கொஞ்சம் தாமதித்து அடிக்கும்.
படுத்தேன். தூக்கம் வரவில்லை.
விடியுமுன் போய்த் திருப்பி வைத்துவிட்டேன்.
வாசுகிக்குக்கூடத் தெரியாது.

வயது பதினாறு. எடை நூற்று முப்பத்தெட்டு.
சர்க்கரை வந்துவிட்டது, ஈரலில் கொழுப்பு.
தூக்கத்தில் மூச்சு நிற்கும்.
சுவருக்கு இந்தப் பக்கம் நான் எண்ணுவேன்,
ஏழு, எட்டு, ஒன்பது,
பதினொன்றில் ஒரு விக்கலோடு திரும்பி வரும்.
"நடந்தாக் கொறையும்ல" என்பாள் வாசுகியின் அக்கா.
நடந்தாள்.
தித்திவங்சா ஏரியை இரண்டு வருடம் சுற்றினாள்.
ஊசி மருந்தும் பார்த்தாயிற்று.
பதினாறு போனது, இருபது வந்தது.

டாக்டர் ஃபவ்சியா படம் வரைந்தார்:
இரைப்பையை நெடுக வெட்டித் தைத்து
ஒரு வாழைக்காய் அளவு மிச்சம் வைப்பார்களாம்.
பாதுகாப்பா என்று கேட்டேன்.
படிவத்தில் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு
"லிஃப்டுக்குத் தர்ற மாதிரி
சர்ட்டிபிகேட் தர முடியாது, என்சிக்" என்றார்.
தையல் கசியலாம். காலில் ரத்தம் உறையலாம்.
அபூர்வம்தான், ஆனால் நடக்கும்.
விட்டமின் ஆயுளுக்கும்.
எலும்பைக் கவனிக்க வேண்டும்.
பத்து வருடம்வரை கணக்கு இருக்கிறது,
பெரும்பாலும் நல்ல கணக்கு.
நாற்பது வருடம் கழித்து?
"தெரியாது."
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை நம்பினேன்.
"செய்யாமல் விடுவதற்கும் ஒரு படிவம் இருந்தால்
அதிலும் உங்களிடம் கையெழுத்து கேட்டிருப்பேன்."

பிறகு எங்களை வெளியே இருக்கச் சொன்னார்,
அவளிடம் தனியாகப் பேச வேண்டுமாம்.
இருபது நிமிடம்.
வாசுகி தண்ணீர்ப் போத்தலின் தாளை
உரித்து உரித்து மடியில் சேர்த்தாள்.
என்ன கேட்டார், என்ன சொன்னாய்?
"அது எனக்கும் டாக்டருக்கும்."
ஜாலான் ஈப்போ நெரிசலில், தானாகவே:
"மெலியறதுக்கு இல்லப்பா.
ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்."
சிக்னல் பச்சையாகியும் நான் எடுக்கவில்லை.
பின்னாலிருந்து ஹாரன்.

இன்று காலை ஏழு பத்து.
கட்டில் போகும் லிஃப்ட்.
ஆயிரத்து அறுநூறு கிலோ, இருபத்தொரு பேர்.
கட்டில், அவள், தாதியர் இருவர், நாங்கள்.
மணி அடிக்கவில்லை.
பழக்கதோஷம்,
சுவரில் சட்டமிட்டிருந்த சான்றிதழைத் தேடினேன்,
எண், தேதி, அடுத்த சோதனை எப்போது
"அப்பா, போதும். படிக்காதீங்க."
பச்சைத் தொப்பிக்குள் முகம்
எவ்வளவு சின்னது.

மூன்றாம் மாடி.
தரையில் சிவப்புக் கோடு, அதுவரைதான் நாங்கள்.
கட்டில் தாண்டிப் போனது,
ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டே,
எண்ணெய் காணாமல்.
என் சட்டைப் பையில்
எண்ணெய்க் குப்பி இருந்தது.